பதினாறாம் வாய்ப்பாடும் முட்டை அட்டையும்

கணிதம் எண்களைப் பற்றிய அறிவியல் என்று பாடநூல்கள் கூறினாலும், தமிழ்க் குடும்பங்களின் நடைமுறையில் அது உறவினர் முன்னிலையில் குழந்தையை எழுப்பி நிறுத்தி நடத்தப்படும் ஒரு வாய்மொழித் தேர்வாகவே பெரிதும் விளங்கிவருகிறது. இத்தேர்வில் பெரியோர் மிக விரும்பிக் கேட்பது பதினாறாம் வாய்ப்பாடு ஆகும். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலத்தில் கடை வைத்தவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் அது இன்றியமையாததாக இருந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் பதின்ம நாணய முறை நடைமுறைக்கு வந்து, அணா படிப்படியாகச் சந்தையை விட்டு வெளியேறிய பின்னரும், பதினாறாம் வாய்ப்பாடு மட்டும் ஓய்வூதியம்கூடக் கேட்காமல் இன்றுவரை பணியில் நீடிக்கிறது. பொருள் போன பின்னும் ஓசை நிலைத்து நிற்கும் இந்த வினோதமே பெருக்கலில் தடுமாறும் குழந்தைகளின் துன்பத்திற்கு மூலகாரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஒப்பித்தலைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை, அதாவது முழு எண்களுக்கும் பின்னங்களுக்கும் உரிய பெருக்கல் வாய்ப்பாடுகளின் தொகுப்பை, உரக்க ஓதி மனத்தில் ஏற்றிய தலைமுறைகள் காகிதமும் பென்சிலும் இன்றிக் கணக்கை முடித்தன என்பது உண்மையே. ஆயினும் ஓசையாக மட்டும் ஏறிய வாய்ப்பாட்டுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அது பாசஞ்சர் வண்டியைப் போல, புறப்பட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு நிலையத்திலும் நின்றுதான் வந்து சேரும். கட்டுரையாளரின் பக்கத்து வீட்டில் மூன்றாம் வகுப்புப் பேத்தியிடம் தாத்தா ஒருவர், “ஏழெட்டு எவ்வளவும்மா?” என்று வினவ, குழந்தை கண்ணை மேலே செருகிக்கொண்டு ஓரெட்டு எட்டிலிருந்து உதட்டை அசைக்கத் தொடங்கியது. “நடுவுல கேட்டா வராதா?” என்று அவர் பொறுமையிழக்க, “முதல்லேருந்து கேளுங்க தாத்தா, வரும்” என்று அது விடை பகர்ந்தது. கல்வியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்க முயலும் சிக்கலை அக்குழந்தை ஒரே வரியில் சொல்லிவிட்டது.

பெருக்கலில் இடர்ப்படும் மாணவரை ஆய்வு வசதிக்காக மூவகையாகப் பகுக்கலாம். முதல் வகையினர் விரல்வாதிகள். இவர்கள் ஆறெட்டையும் விரலாலேயே எண்ண முற்பட்டு, பத்து விரலும் தீர்ந்த நிலையில் பக்கத்து மாணவனின் விரலைக் கடன் கேட்பவர்கள். இரண்டாம் வகையினர் கூரைநோக்கிகள்; விடை மின்விசிறியின் மேல் எழுதப்பட்டிருப்பதாக இவர்கள் உறுதியாக நம்புகின்றனர். மூன்றாம் வகையினர் எதிரொலியர். வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒப்பிக்கும்போது கடைசி அசையை மட்டும் மிகுந்த கம்பீரத்துடன் உச்சரிக்கும் இவர்கள், தனியே எழுப்பப்படும் நாள்வரை கண்டுபிடிக்கப்படுவதில்லை. எண்ணின் அளவை உணர்வதிலேயே இடர்ப்பாடு இருப்பதான கணிதக் கற்றல் குறைபாடு சிலரிடம் உண்டு. அவர்களுக்குத் தனிக் கவனமும் கூடுதல் காலமும் தேவை. எஞ்சிய பெரும்பாலோரிடம் இல்லாதது மூளையன்று, படம்.

படம் என்பது இங்குக் காட்சி மாதிரியைக் குறிக்கும். ஒரு கணிதச் செயலின் உள்ளமைப்பைக் கண்ணால் காணுமாறு பொருளாகவோ வரைபடமாகவோ அமைத்துக் காட்டுவதே காட்சி மாதிரி எனப்படும். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1966இல் வெளியான தம் நூலில், அறிவு மனத்தில் அமையும் முறையைச் செயல், படம், குறியீடு என மூன்றாக வகுத்தார். சிங்கப்பூரின் கணிதப் பாடத்திட்டம் 1980களிலிருந்து இவ்வடிப்படையில் பொருள், படம், குறியீடு என்னும் வரிசையைக் கைக்கொண்டது. இதற்கு முன்பே, 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி, பத்து மணி கோத்த கம்பியையும் அத்தகைய பத்துக் கம்பிகள் சேர்ந்த நூறு மணிச் சதுரத்தையும் குழந்தைகளின் கையில் கொடுக்கும் முறையை வகுத்திருந்தார். நம்முடைய வழக்கமோ மூன்றாவது படியில் ஏறி நின்றுகொண்டு, முதற்படியைத் தேடும் குழந்தையை “மேலே வா” என்று அதட்டுவதாகவே பெரும்பாலும் இருந்துவருகிறது.

காட்சி மாதிரிகளுள் எளியது சம குழுக்கள் என்பதாகும். நான்கு குழியுள்ள இட்லித் தட்டுகள் நான்கினை அடுக்கி அடுப்பில் ஏற்றினால் பதினாறு இட்லி வெந்து வருமாதலின், அணாவின் உதவியின்றியே பதினாறு என்பது காலை உணவுக்கு முன் நிறுவப்பட்டுவிடுகிறது. அடுத்தது எண்கோடு, சமதொலைவில் எண்கள் குறிக்கப்பட்ட நேர்க்கோட்டில் எட்டெட்டாகத் தாவிச் செல்வதே இம்முறை. இதில் நிற்கும் இடத்தையே முதல் தாவலாக எண்ணிவிடும் பழக்கம் குழந்தைகளிடம் பரவலாக உண்டு. நடப்பதற்கு முன்பே தூரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் இம்முறை பயணப்படிப் பட்டியல் எழுதும் பெரியோரிடமும் காணப்படுவதால், இதற்காகக் குழந்தைகளை மட்டும் கடிந்துகொள்வது நியாயமன்று.

மூன்றாவதும் பயன்மிக்கதுமான மாதிரி நிரை–நிரல் அமைப்பு. கிடையாக அமைவன நிரைகள், செங்குத்தாக அமைவன நிரல்கள். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மளிகைக் கடையில் முப்பது முட்டைகளைத் தாங்கி நிற்கும் காகித அட்டை ஆகும். ஒரு பக்கமிருந்து நோக்கினால் ஐந்து நிரையில் ஆறாறு முட்டைகள். அட்டையைத் திருப்பி வைத்தால் ஆறு நிரையில் ஐந்தைந்து முட்டைகள். திருப்பியதால் முட்டை எதுவும் குறையவில்லை என்பதைக் கடைக்காரரும் குழந்தையும் ஒருங்கே ஒப்புக்கொள்வர். இதுவே பரிமாற்றுப் பண்பு, அதாவது பெருக்கப்படும் எண்களின் வரிசை மாறினாலும் பெருக்கற்பலன் மாறாது என்னும் விதி. இவ்விதியின் பொருளாதாரப் பயன் அளப்பரியது. ஒன்று முதல் பத்து வரையிலான வாய்ப்பாடுகளில் உள்ள 100 விடைகள், திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் 55 ஆகச் சுருங்குகின்றன. அவற்றுள் 1, 2, 5, 10 ஆகியவற்றின் எளிய வாய்ப்பாடுகளைக் கழித்துவிட்டால் எஞ்சுவன 21 மட்டுமே. இருபத்தொரு செய்திகளுக்காக நூறு செய்திகளின் சுமையைக் குழந்தையின் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, அது தடுமாறுகிறது என்று மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் குடும்பங்களும் உள.

வாசலில் இடும் புள்ளிக் கோலமும் இத்தகைய மாதிரியே எனச் சிலர் கருதலாம். நேர்ப்புள்ளிக் கோலத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் ‘15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி’ என்னும் கோலத்தில் பதினைந்தை எட்டால் பெருக்கி 120 எனக் கூறும் மேதாவி, கோலமிடும் அத்தையிடம் சிக்கிக்கொள்வான். நடுவரிசையில் 15 புள்ளிகளும், அதன் இருபுறமும் 14, 13 என ஒவ்வொன்றாகக் குறைந்து 8 வரை வரும் வரிசைகளும் சேர்ந்து மொத்தம் 169 புள்ளிகள் ஆகும். எல்லா நிரைகளும் சமமாக இருந்தாலன்றிப் பெருக்கல் செல்லாது என்னும் நிபந்தனையை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகை கற்பித்ததில்லை.

இனி ஏழெட்டுக்கு வருவோம். கட்டத்தாளில் எட்டுக் கட்டங்கள் கொண்ட ஏழு நிரைகளை வரைந்து, ஐந்தாம் நிரைக்குக் கீழே ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்தால், மேலே ஐயெட்டு நாற்பது, கீழே ஈரெட்டுப் பதினாறு, ஆக ஐம்பத்தாறு என்பது தெரியவரும். ஒரு பெருக்கலைத் தெரிந்த இரு பெருக்கல்களாகப் பிரித்துக் கூட்டலாம் என்னும் இவ்விதி பங்கீட்டுப் பண்பு எனப்படும். விடை மறந்துபோனால் மீண்டும் உண்டாக்கிக்கொள்ளலாம் என்னும் துணிவை இது தருகிறது. ஓசையாக மட்டும் கற்றவனுக்கு மறதி வந்தால் மேலே மின்விசிறியே துணை.

ஈரிலக்கப் பெருக்கலில்தான் ஓசையின் வறுமை முழுமையாக வெளிப்படும். 23ஐ 14ஆல் பெருக்கும் சிறுவன் முதல் வரியில் 92 என எழுதி, இரண்டாம் வரியில் ஓரிடம் விடாமல் 23 என எழுதிக் கூட்டி, 115 என அறிவிக்கிறான். “ஓர் இடம் விட்டுப் போடு” என்கிறார் ஆசிரியர். ஏன் என்னும் வினாவிற்கு, அப்படித்தான் என்பதே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் விடை. பரப்பளவு மாதிரியில் இதற்கு விளக்கம் கிடைக்கிறது. நீளத்தை 20, 3 எனவும், அகலத்தை 10, 4 எனவும் பிரித்து ஒரு செவ்வகம் வரைந்தால், 200, 30, 80, 12 என நான்கு அறைகள் தோன்றும், கூட்டினால் 322. பதினான்கில் உள்ள 1 என்பது ஒன்றன்று, பத்து என்பதும், விடப்பட்ட இடம் அந்தப் பத்தின் இருக்கை என்பதும் அப்போதுதான் விளங்கும். 80உம் 12உம் சேர்ந்ததே முதல் வரியின் 92. 200உம் 30உம் சேர்ந்ததே இரண்டாம் வரியின் 230.

இந்தச் செவ்வகம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது என்று எண்ணுவோர் தஞ்சை வயல்களை நினைவுகூர்தல் தகும். பன்னிரண்டு அடிக் கோலால் அளந்து, ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட 144 சதுர அடி நிலத்தைக் குழி என்றும், 100 குழியை ஒரு மா என்றும், 20 மாவை ஒரு வேலி என்றும் அங்கு வழங்கினர். இவ்வாறு குழிக்கணக்குப் பார்ப்பதற்கென்றே திண்ணைப் பள்ளிகளில் குழிமாற்று என ஒரு தனி வாய்ப்பாடு ஓதப்பட்டது. அன்று ஓசைக்குப் பின்னால் வயல் இருந்தது. இன்று வயல் மனைப்பிரிவாக மாறிவிட, ஓசை மட்டும் நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் வந்து குடியேறியிருக்கிறது.

காட்சி மாதிரிகளுக்கும் ஓர் ஆபத்து உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் குழந்தையின் கையில் பொருளைக் கொடுக்க வேண்டும் என்றே சொல்கின்றன. ஆனால் பல வீடுகளில் மாதிரி செய்வது என்பது தந்தையார் இரவு பதினொரு மணிக்குத் தெர்மாகோல் அறுப்பதைக் குறிக்கும். மறுநாள் அப்படைப்பு கண்காட்சியில் பாராட்டுப் பெற்று, கெட்டுப்போகும் என்பதால் எவரும் தொடக்கூடாது என்னும் ஆணையுடன் பீரோவின் மேல் ஏறிவிடும். அதனால் பெருக்கலை ஐயமறக் கற்றுக்கொண்டவர் தந்தையார் ஒருவரே.

ஆகவே முடிவாகக் கூறத்தக்கது இது: வாய்ப்பாடு வேண்டும், ஆனால் அது படத்துக்குப் பின்னால் வர வேண்டும். முதலில் புளியங்கொட்டையை அடுக்கட்டும், பிறகு கட்டத்தாளில் வரையட்டும், அதன்பின் எத்தனை முறை வேண்டுமானாலும் உரக்கச் சொல்லட்டும். பெற்றோர் செய்யவேண்டியது ஒன்றே: கடையிலிருந்து முட்டை வாங்கி வந்ததும் அட்டையை எறிந்துவிடாமல் குழந்தையிடம் கொடுங்கள், முட்டைகளை மட்டும் முன்னதாக எடுத்துவிடுங்கள்.