பேருக்கு ஒரு வாள்

மருமகனே, நிஷிகசாயில வீடு கிடைச்சாச்சு, அரிசி பருப்புக்கு இந்தியக் கடை கூப்பிடு தூரத்துலயே இருக்குன்னு உங்கம்மா சொன்னா. கேக்க சந்தோஷமா இருந்துச்சு. அத்தோட நிறுத்தியிருக்கலாம். "அவன் சாமுராய் வாள் ஒண்ணு வாங்கப் போறானாம்ண்ணே, விலை கம்மியா இருக்கணுமாம், ஆனா அசலா இருக்கணுமாம்"னு அடுத்தாப்புல சொன்னா பாரு, எனக்கு வெத்தலை புரையேறிப் போச்சு. வெங்காயம் அரியச் சொன்னாலே பிளாஸ்திரி தேடுற பய நீ. சரி, ராசா ஆசைப்பட்டுட்டீங்க, மாமன் குறுக்க நிக்க மாட்டேன்.

மாமனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேப்பே. சரக்குக் கப்பல்ல வயசைக் கழிச்சவன்டா நான். கோபேயிலயும் யோகோஹாமாவிலயும் சரக்கு இறங்குற வரைக்கும் கூட இருந்தவனெல்லாம் எங்கே போனான்னு இப்போ சொல்ல வேண்டாம். நான் வாள்கடையில நிப்பேன். வாங்க வக்கில்லாதவனுக்குத்தான் ஒரு பொருளை நிதானமாப் பாக்க நேரம் கிடைக்கும்.

உன் மனசுல இருக்கிற வாளை நான் பாக்காமலே சொல்லிருவேன். நீளமான கட்டானா, பேர்போன கொல்லன் கையெழுத்து, தங்கம் இழைச்ச கைக்காப்பு, 400 வருஷப் பழசு, விலை மட்டும் உன் செல்போனை விடக் கம்மி. அப்படி ஒரு வாளை இணையத்துல உனக்காகவே போட்டு வச்சிருப்பான். பெரும்பாலும் சீனாவுல லோங்சுவான் பக்கம் போன வருஷம் அடிச்சதா இருக்கும். அலை அலையா வெள்ளைக் கோடு வாயோரம் ஓடும், அதைப் பாத்து நீ வாயைப் பொளப்பே. அந்தக் கோட்டுக்கு ஹமோன்னு பேர். அசல்ல அது எப்படி வருதுன்னா, வாளுக்குக் களிமண் பூசுவாங்க, முதுகுல தடிமனா, வாயில லேசா. பழுக்கக் காய்ச்சித் தண்ணியில முக்குனா வாய்ப்பக்கம் சட்டுனு குளுந்து கெட்டியாகும், முதுகு கொஞ்சம் இளக்கமா நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல விழுற எல்லைதான் கோடு. விளக்குக்கு நேராச் சாய்ச்சுப் பாத்தா அதுக்குள்ள பொடிப்பொடியா மினுக்கும். அமிலத்தைத் தடவி வரைஞ்ச கோடு மேலாக்க வெளுத்துக் கிடக்கும், உள்ளே ஒண்ணும் இருக்காது.

அடுத்து, கையெழுத்து. 17-ம் நூற்றாண்டுல எடோவுல நகசோனே கொடேட்சுன்னு ஒரு கொல்லன் இருந்தான். முதல்ல கவசம் அடிச்சவன், பின்னால வாளுக்கு மாறினான். அவன் பேர் ஏற ஏறப் போலியும் ஏறிடுச்சு. கொடேட்சுவைக் கண்டா முதல்ல போலின்னே நினைச்சுக்கோன்னு ஜப்பான்காரனே சொல்லி வச்சிருக்கான். ஷின்செங்குமி படைத்தலைவன் கொன்டோ இசாமி, தன் இடுப்புல தொங்குறது கொடேட்சுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சவன். அதுவே போலியாத்தான் இருந்திருக்கும்னு பல பேர் நினைக்கிறாங்க. வாளாலயே பொழைச்ச ஆளுக்கு அந்தக் கதி. நீ கம்ப்யூட்டரைத் தட்டிப் பொழைக்கிறவன். மசமுனேன்னு இன்னொரு பேர்போன கொல்லன் கையெழுத்தோட ஒண்ணு மலிவா வந்தா, ஒரு கும்பிடு போட்டுட்டு நகந்துரு. அந்தப் பெரிய மனுஷன் தன் வாள்ல கையெழுத்து வெட்டுனதே அபூர்வம்.

அதுக்காகக் கையெழுத்தே இல்லாத வாளைப் பாத்து மூஞ்சியைச் சுளிக்காதே. பழைய காலத்து நெட்டை வாள்களைப் பிற்பாடு அடிப்பக்கம் வெட்டிக் குட்டையாக்கினாங்க. அதுல கையெழுத்தும் சேந்தே போயிருச்சு. உன் காசுக்குப் போலிக் கையெழுத்தை விட மொட்டை இரும்பு எவ்வளவோ யோக்கியம்.

நீ ஏமாறப் போற இடம் இதெல்லாம் இல்லை, காகிதம். கடைக்காரன் முத்திரை குத்தின சீட்டு ஒண்ணை மரியாதையா ரெண்டு கையாலயும் நீட்டுவான். அரசாங்க முத்திரையைப் பாத்ததும் உனக்குக் கண்ணு கலங்கும். அது தொரோகுஷோ, மாகாணக் கல்வி வாரியம் கொடுக்கிற பதிவுச்சீட்டு. அது இல்லாம ஜப்பான்ல வாள் வச்சிருக்கக் கூடாது, அந்த மட்டுக்கு அது அவசியம். ஆனா அதுல இருக்கிறது வாளோட நீளம், வளைவு, எத்தனை துளை, என்ன எழுத்து வெட்டியிருக்குங்கிறதுதான். கொடேட்சுன்னு வெட்டியிருந்தா கொடேட்சுன்னு எழுதிக்குவாங்க. கொடேட்சுதான் வெட்டினானான்னு அதுல யாரும் சொல்லலை.

அசலா நகலான்னு சொல்ற காகிதம் வேற. 1948-ல தொடங்குன ஜப்பான் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் பாத்துக் கொடுக்கிற சான்றிதழ் அது. ஹோசோன், அதுக்கு மேல தொகுபெட்சு ஹோசோன், அதுக்கும் மேல ஜூயோ. உன் சம்பளத்துக்கு ஹோசோனே ஜாஸ்தி. அதே சங்கம் 1982-க்கு முன்னால கொடுத்த பழைய சான்றிதழ்ல சிலதை வாள்காரங்க அவ்வளவா நம்புறதில்லை, அதையும் காதுல போட்டுக்கோ.

சந்தையில மாடு பிடிக்கிறவன் கொம்புல பூசின வர்ணத்தைப் பாக்க மாட்டான், வாயைத் திறந்து பல்லைப் பாப்பான். வாளுக்குப் பல்லு, பிடிக்குள்ள மறைஞ்சிருக்கிற அடிப்பகுதி. நகாகோன்னு கேட்டா கடைக்காரன் மூங்கில் ஆணியைத் தட்டி, பிடியைக் கழட்டிக் காட்டுவான். காட்ட மாட்டேன்னு சொன்னா கடையை விட்டு இறங்கிரு. அதுல படிஞ்சிருக்கிற கறுத்த துருதான் வயசுக்குச் சாட்சி. சான்றிதழ்ல அதே நகாகோவோட படம் இருக்கும், பக்கத்துல வச்சு ஒத்துப் பாரு. வீட்டுக்குக் கொண்டுபோய், துரு பிடிச்சிருக்கேன்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்னு வை, வயசும் போச்சு, விலையும் போச்சு. உங்கம்மாவுக்குப் பாத்திரம் பளபளன்னு இருக்கணும், அந்தப் புத்தி உனக்கும் இருக்குமேன்னுதான் பயமா இருக்கு.

இப்போ மாமன் சொல்ற வாள். நீ கட்டானாவை விட்டுரு, வாக்கிசாஷி வாங்கு. 30 சென்டிமீட்டருக்கு மேல, 60-க்குள்ள இருக்கிற குட்டை வாள். சாமுராய் மட்டுமில்லாம வியாபாரிகளும் எடோ காலத்துல இடுப்புல செருகிக்கிட்டது அதுதான், அதனால நிறையவே மிஞ்சிக் கிடக்கு. வர்றவன் எல்லாம் சினிமா பாத்துட்டுக் கட்டானா கட்டானான்னு பறக்கிறதால இதுக்குக் கிராக்கி கம்மி. அதே உலைக்களம், அதே மண் பூச்சு, அதே தண்ணி. ஹோசோன் சான்றிதழோட 2 லட்சம், 3 லட்சம் யென் பக்கம் அலைஞ்சு தேடினா அமையும். அதே தரத்துக் கட்டானான்னா அது போல ரெண்டு பங்கு எடுத்து வச்சுக்கோ. இன்னிக்கு உயிரோட இருக்கிற கொல்லன்கிட்டே புதுசா அடிக்கச் சொன்னா சாதாரணமா 10 லட்சம் யென்னைத் தாண்டும். அவனைக் குத்தம் சொல்லாதே. 5 வருஷம் குருகிட்டே கிடந்து உரிமம் வாங்குனவன் அவன், மாசத்துக்கு 2 நீள வாளுக்கு மேல அடிக்க அவனுக்கு அனுமதியும் கிடையாது.

குறை இல்லாத பழைய வாள் உன் விலைக்கு வராது. மேலாக்க ஒரு மடிப்பு விட்டிருக்கும், சின்னதா ஒரு கொப்புளம் இருக்கும், பொறுத்துக்கோ. வாய் விளிம்புல இருந்து குறுக்க, மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடினா மட்டும் பொறுக்காதே. அதுக்குப் பேர் ஹகிரே. செத்த வாள் அது. அப்புறம், "துரு ஏறிக் கிடக்கு, மலிவா முடிச்சுட்டு மெருகு போட்டுக்கலாம்"னு கணக்குப் போடுவே பாரு, அந்தக் கணக்கை அங்கேயே விடு. முறையா மெருகு போடுறவன் கல்லு மாத்தி மாத்தி வாரக்கணக்குல தேய்க்கிறான். கட்டானாவுக்கு அதுக்கே லட்சக்கணக்குல யென் ஆகும், போதாக்குறைக்கு வரிசையில நிக்கணும். மெருகு நல்லா இருக்கிற வாளையே வாங்கு.

ஜப்பானுக்கு வெளியே இருந்து வாங்கலாம்னு எவனாவது யோசனை சொன்னா, இரண்டாம் உலகப்போர்க் காலத்து அதிகாரி வாள் நிறையக் கையில மாட்டும். இயந்திரத்துல செஞ்சு எண்ணெயில தோய்ச்சது பாதிக்கு மேல. சரித்திரப் பொருள்னு வச்சுக்கலாம், குத்தமில்லை. ஆனா அந்த இயந்திர வாளை ஜப்பானுக்குள்ள பதிவு பண்ண முடியாது.

காசை எடுக்கிறதுக்கு முன்னால கண்ணைப் பழக்கு. ரியோகோகுவுல சான்றிதழ் கொடுக்கிற அந்தச் சங்கத்தோட வாள் அருங்காட்சியகம் இருக்கு, சுமோ பாக்கப் போற ஊர்தான். உங்க வீட்டுல இருந்து ரயில்ல எட்டிப் பிடிச்சிரலாம். இலையுதிர் காலத்துல டோக்கியோ பிஜுட்சு கிளப்புல தாய் தோகென் இச்சின்னு வாள்சந்தை நடக்கும், வியாபாரிங்க மொத்தமா வந்து விரிப்பாங்க. கையில எடுக்கிறதுக்கு முன்னால தலை வணங்கு, கேட்டுட்டு எடு. வாய்ப்பக்கத்தைத் தொட்டுப் பாக்காதே, வாளுக்கு நேரா வாயைத் திறந்து பேசாதே. உன் எச்சில் பட்ட இடத்துல துரு வரும். பேசாம இருக்கிறது உனக்குக் கஷ்டம்தான், எனக்குத் தெரியும்.

வாங்கின பிறகு லேசா எண்ணெய் ஒத்தி, வெறும் மர உறையில போட்டு வை. அந்த எண்ணெய்ல கிராம்பு வாசம் அடிக்கும். அதை நம்பிப் பல்வலிக்கு வச்சிருக்கிற கிராம்புத் தைலத்தை எடுத்துத் தடவிராதே, வாள் எண்ணெய் பெரும்பாலும் கனிம எண்ணெய்தான், கிராம்பு சேக்கிறது வாசத்துக்கு. சுவத்துல மாட்டிச் செல்ஃபி எடுக்கிற வேலையும் வேண்டாம்.

ஊருக்குக் கொண்டுவரணும்னு மட்டும் கிளம்பிராதே. ஜப்பான் கலாசார முகமை அனுமதிச் சீட்டு கொடுத்தாத்தான் வாள் நாட்டை விட்டு வெளியேறும். இந்தப் பக்கம் 1959-ம் வருஷ ஆயுதச் சட்டமும் சுங்கக்காரனும் காத்திருப்பாங்க, முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கோ. அங்கேயே வச்சுக்கிறதா இருந்தா, கை மாறின 20 நாளுக்குள்ள சீட்டு கொடுத்த கல்வி வாரியத்துக்கு உன் பேரைத் தெரிவிச்சுரு. விலையை உங்கம்மாகிட்டே சொல்லிராதே, அதை நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்.