எழுபது கிலோ அக்கா இருபது கிலோ ஆன கதை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

முட்டிவலியால் மாடிக்குப் போயே மாதக்கணக்காகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு இந்த ஊர்ப் பெண்கள் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் நீச்சல் குளத்தில் இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் நின்று குதிப்பது.

சிரிக்க வேண்டாம், முழுக்கக் கேளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தில் அறுபதைத் தாண்டிய தமிழ்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். கிள்ளானிலிருந்து வருகிறவர்கள் கொமுட்டர் ரயிலில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, வழியில் பூக்கடைக்காரியிடம் ஊர்க்கதை பேசிவிட்டுக் கடைசியாக வந்து சேருவார்கள். கூட்டத்துக்குத் தலைவி ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவரை எல்லாருக்கும் ‘டீச்சர்’ என்றுதான் தெரியும். தண்ணீருக்குள் நின்றுகொண்டே வருகைப் பதிவு எடுக்கிறார். வராதவர் வீட்டுக்கு அங்கிருந்தே போன் போகும்.

சொல்லிக் கொடுப்பவர் ஒரு சீனப் பெண், வயது முப்பதுக்குள். முதலில் ‘சாத்து, டுவா, தீகா’ என்று மலாயில்தான் எண்ணிக்கொண்டிருந்தார். இப்போது ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ சரளமாக வருகிறது. கூடவே ‘ஐயோ’, ‘கடவுளே’ இரண்டும் ஒட்டிக்கொண்டன.

பெரிய சிக்கல் உடுப்பில்தான் வந்தது. கைலியைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் குழாயடியில் குளித்து வளர்ந்தவர்களை நீச்சல் உடையில் இறங்கச் சொன்னால் இறங்குவார்களா? பருத்திச் சட்டையோடு இறங்கவும் குளத்துக் காவலாளி விடமாட்டார். வழி காட்டியது மலாய்ப் பெண்களின் நீச்சல் உடை. முழுக்கை, முழுக்கால், மேலே முட்டி வரை தொங்கும் அங்கி. இரவுச் சந்தையிலேயே கிடைக்கிறது. முக்காட்டை மட்டும் மடித்து வைத்துவிட்டு, தாலிக்கொடியை அங்கிக்குள் செருகிக்கொண்டு, கொண்டைக்கு மேல் ரப்பர் தொப்பியைத் திணித்து வரிசையாக இறங்குகிறார்கள். கொண்டை பெரிதாக இருந்தால் தொப்பி நிற்காது, டப்பென்று பறக்கும். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வரக்கூடாது என்று வெளியில் ஓர் அறிவிப்பு தொங்குகிறது. அது யாரை நினைத்து எழுதியது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. குளம் கழுவும் வங்காளதேசப் பையன் ஒருநாள் வலையை உயர்த்திக் காட்டினான்: உள்ளே ஏழெட்டு ஒட்டுப் பொட்டு, மெரூனும் கறுப்புமாக. அது முதல் குளத்தோரத்துக் கண்ணாடியில் பொட்டுகளை ஒட்டிவிட்டு இறங்குவது வழக்கமாகிவிட்டது. வெளியே வரும்போது எது யாருடையது என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

இந்த ஊரில் பொதுக்குளங்களுக்குப் பஞ்சமில்லை. சின் ஊ அரங்கத்துக் குளம் 1953ஆம் ஆண்டுக் காலத்தது. ஆனால் அது குன்றின்மேல் இருக்கிறது. முட்டிவலிக்காரர் ஏறி முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும். புக்கிட் ஜாலிலில் 1998 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டிய நீச்சல் மையம் உண்டு. அது பாய்ந்து நீந்துகிறவர்களுக்கான ஆழம். நம்மவர்களுக்கு வேண்டியது கால் தரையில் பாவும் மார்பளவுத் தண்ணீர்.

அந்த மார்பளவில்தான் சூட்சுமம் இருக்கிறது, பெரியம்மா. மார்பெலும்பு முடிகிற இடம் வரை தண்ணீரில் நின்றால், ஓர் ஆணின் கால் அவர் எடையில் சுமார் 35 விழுக்காட்டைத்தான் தாங்குகிறது. பெண்ணுக்கு அது சுமார் 28 விழுக்காடு. நம் உடம்பில் கொழுப்பு கொஞ்சம் கூடுதல், கொழுப்பு மிதக்கும், அதனால் இந்தச் சலுகை. எழுபது கிலோ அக்கா குளத்தில் இறங்கியதும் முட்டிக்கு இருபது கிலோ அக்காவாகிவிடுகிறார்! தரையில் ஒரு படி ஏற முனகுகிறவர் தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கிறார். சுலபமாக இருக்கிறதே என்று ஏமாறவும் கூடாது. கையை மெதுவாக அசைத்தால் தண்ணீர் வழிவிடும். இரண்டு மடங்கு வேகத்தில் தள்ளினால் நான்கு மடங்கு எதிர்க்கும். அவரவர் பலத்துக்கு ஏற்ற எடைக்கல்லை அவரவர் கையே தயாரித்துக்கொள்கிறது. தண்ணீரின் அழுத்தம் காலில் தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளுவதால் சிறுநீரகம் சுறுசுறுப்பாகிவிடும். பாதி வகுப்பில் கழிவறைக்கு ஓட்டம் பிடிப்பதன் காரணமும் அதுவே.

இதெல்லாம் டீச்சரின் கைவைத்தியம் என்று நினைக்க வேண்டாம். முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு நீர்ப்பயிற்சி உதவுமா என்று 13 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை ஒன்று 2016இல் வந்தது. அதில் கலந்துகொண்டவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள். சராசரி வயது 68. வலியும் முடக்கமும் கொஞ்சம் குறைகின்றன, குறுகிய காலத்துக்கு, என்பது முடிவு. அந்தக் ‘கொஞ்சம்’ டீச்சருக்குப் பிடிக்கவில்லை. கிள்ளானிலிருந்து வரும் அக்கா ஒருவரோ, “அந்தக் கொஞ்சத்துலதான் நான் ரயில் படி ஏறுறேன்லா” என்று சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைவு. எலும்பு உறுதிப்பட வேண்டுமானால் தரையிலும் நடக்கத்தான் வேண்டும்.

சரி, குதித்தாயிற்று. அடுத்தது பசியாறல். காலை உணவுக்கு இங்கே அந்தப் பெயர்தான். குளத்துக்கு எதிர்ச்சாரியிலேயே கடை. ஈரத் தலையோடு உட்கார்ந்ததும் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவும் தே தாரிக் என்கிற பால் தேநீரும் தாமே வந்துவிடும். ஒருநாள் டீச்சர் கணக்குப் பலகையை எடுத்துவிட்டார். அறுபது கிலோ எடையுள்ளவர் முக்கால் மணி நேரம் தண்ணீரில் நன்றாக ஆடினால் செலவாவது ஏறத்தாழ 240 கலோரி. ஒரு ரொட்டி சானாயில் இருப்பது சுமார் 300. மேசையில் யாரும் பேசவில்லை. ஒருவர் மட்டும், “அப்போ ரொட்டியைச் சாப்பிடாம வீட்டுல தூங்கியிருந்தா லாபம்தானே?” என்றார். அவருக்குப் பதில் சொல்ல டீச்சருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

விளையாட்டில்லை, பெரியம்மா. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. எல்லா இனங்களையும்விட நாமே முதலிடம். அந்த மேசையிலும் பாதிப் பேர் மாத்திரைப் பெட்டியோடுதான் வருகிறார்கள். பாதம் மரத்துப்போனவர்கள் தண்ணீரிலும் ரப்பர்ச் செருப்பைக் கழற்றுவதில்லை. குளத்துத் தரை ஓட்டில் உரசிப் புண்ணானாலும் தெரியாது என்பதால். அரசாங்கமும் 2019 ஜூலையில் அடைத்து விற்கும் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 2025இல் அது 90 காசாக ஏறிவிட்டது. கண்முன்னே சீனிப்பால் ஊற்றி ஆற்றிக் கொடுக்கிற தே தாரிக்குக்கு அந்த வரி கிடையாது. நம்மவர்கள் வரியில்லாத பக்கமாகவே தேடிப் போனார்கள். இப்போது டீச்சர் உத்தரவுப்படி ‘தே ஓ கோசோங்’. பாலும் இல்லை, சீனியும் இல்லை. குடிக்கும்போது முகம் போகிற போக்கைப் பார்த்தால் கஷாயம் என்றே நினைப்பீர்கள்.

சாப்பாட்டுக்கு அரசாங்கத்தின் சூத்திரம் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ பருப்போ, அரைத் தட்டு காயும் பழமும். தட்டில் போட்டால் சரி. வாழை இலையில் எப்படிப் போடுவது? இலைச் சாப்பாட்டுக் கடையில் நடுவே மலைபோல் சோறு விழும், ஓரத்தில் மூன்று காய் ஆளுக்கொரு கரண்டி. டீச்சர் இலையில் விரலால் கோடு கிழித்தார். இந்தப் பக்கம் சோறு, ஒரு கரண்டி. அந்தப் பக்கம் மீன். பாக்கி இலை முழுக்கக் காய். பரிமாறுகிற தம்பி சோற்று வாளியோடு இரண்டு முறை வந்து திரும்பிப் போனார். மூன்றாம் முறை, “சாப்பாடு சரியில்லையா அம்மா?” என்று கவலையோடு கேட்டார். காய் கொண்டுவரச் சொன்னதும் அவர் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். காய்க்கு நட்டம், சோற்றுக்கு லாபம் என்பது கடை தர்மமாயிற்றே.

வீட்டில் கஷ்டமில்லை. மலாய்க்காரர்கள் பச்சையாகத் தின்கிற ‘பெகாகா’ நம் வல்லாரைதான். ‘சாயூர் மானிஸ்’ நம் தவசிக்கீரை. ‘இக்கான் கெம்போங்’ என்று வாங்குவது நம் கானாங்கெளுத்தி வகை, விலையும் கட்டுப்படி. தேங்காய்ப்பாலை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே டீச்சருக்குக் காது கேட்பதில்லை.

நீங்களும் ஒருமுறை வந்து இறங்கிப் பாருங்களேன், பெரியம்மா. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் இங்கே வந்து போகலாம். புறப்படுமுன் இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் டாக்டரிடம் காட்டி, குளத்தில் இறங்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முறுக்கு, அதிரசம் எதுவும் கட்ட வேண்டாம். பையைப் பிரிக்கும்போதே டீச்சர் பறிமுதல் செய்துவிடுவார். நல்ல கொள்ளு இரண்டு கிலோ கேட்டிருக்கிறார். ஒட்டுப் பொட்டு அட்டை எவ்வளவு கிடைத்தாலும் போடுங்கள், இங்கே தட்டுப்பாடு.

இப்படிக்கு,
அன்பு மகள்