மேச்சேரி ஆடும் மேச்சேரிப் பெண்மணியும்

எங்கள் ஊரின் கீர்த்தி தேசமெங்கும் பரவியிருப்பது அவ்வூரில் பிறந்த மனிதர்களால் அன்று என்பதை, பல்லாண்டு காலம் பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பெருமை போதித்து ஓய்வு பெற்ற ஆசிரியையாகிய நான், சற்று மனத்தாங்கலுடனேயே தெரிவிக்க வேண்டியிருக்கிறது. கால்நடை சாஸ்திரம் கற்ற எவரிடமாவது ‘மேச்சேரி’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் எங்கள் பத்ரகாளியம்மனையோ, விசைத்தறிகளையோ, மேட்டூர் போகும் வழியில் இருக்கிற ஊர் என்பதையோ நினைக்க மாட்டார். கொம்பில்லாத, வெளிர் பழுப்பு நிறமுடைய, கம்பளி ரோமத்துக்குப் பதிலாக வழவழப்பான குட்டை மயிர் போர்த்த ஒரு செம்மறியாட்டைத்தான் நினைப்பார். அதன் தோலுக்கு நிகரான தோல் இந்தியச் செம்மறிகளில் அபூர்வம் என்பது அத்துறையினரின் ஏகோபித்த அபிப்பிராயம். அந்த ஆட்டின் க்ஷேமலாபங்களை விசாரிப்பதற்கென்றே பக்கத்துப் பொட்டனேரியில் 1978ஆம் ஆண்டு முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடந்து வருகிறது. குட்டி பிறந்த அன்றே அதற்கு எடை. பால் மறக்கும் பருவத்தில் மறுபடியும் எடை. பிறகு ஆறாம் மாதம், ஓராண்டு நிறைவு என்று வேளை தவறாமல் எடை. எந்த ஆடு எப்போது சினையாயிற்று, எப்போது ஈன்றது, குட்டிக்குப் பால் போதுமா என்பதெல்லாம் பேரேட்டில் ஏறிக்கொண்டே இருக்கின்றன.

ஆட்டின்மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அதன் ஜாதகத்தில் கடைசிக் கட்டம் இன்னதென்று நமக்குத் தெரியும். ஆயினும், அந்நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்து, விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, சோறாக்கி, தறி ஓட்டி, மறுபடியும் சோறாக்கும் ஒரு பெண்மணியைக் குறித்து அப்படி ஒரு பேரேடு எங்கேனும் உண்டா என்று விசாரித்தால், பிரசவ காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தார் எழுதிக் கொடுத்த அட்டை ஒன்றுதான் பெட்டியின் அடியிலிருந்து அகப்படுகிறது. அதற்குப் பின்பு அவள் எடையை அறிந்தது பஸ் நிலையத்தில் காசு போட்டு ஏறி நிற்கும் இயந்திரம் மட்டுமே. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை என்று சொல்கிறது. பாதிக்கு மேற்பட்ட ஆடுகளுக்கு இப்படி ஒரு சங்கதி என்று தெரிந்திருந்தால் பொட்டனேரியில் அன்றைக்கே அவசரக் கூட்டம் கூடியிருக்கும். பெண் விஷயத்திலோ, வீட்டிலுள்ள புருஷர்கள், ஒரு துளி இரத்தமும் சோதிக்காமலே, “பகல்லயே படுத்துக்கறா, எல்லாம் டீவி பாத்துப் பாத்து வந்த சோம்பல்” என்று வியாதியின் மூலத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சோம்பலைப் பற்றிய பிரஸ்தாபம் வந்துவிட்டபடியால், மத்திய சர்க்கார் நடத்திய நேரக் கணக்கெடுப்பைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சம்பளமில்லாத வீட்டு வேலையில் கைவைக்கிறவர்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 2019இல் பெண்கள் அதற்கென ஒரு நாளில் செலவிட்டது 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். ஐந்தாண்டு கழித்து 2024இல் மறுபடியும் எண்ணிப் பார்த்தார்கள். பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்து 289 ஆகியிருந்தது. ‘சரி, ஆண்கள் அந்தப் பத்து நிமிஷத்தை ஏற்றுக்கொண்டார்கள் போலும்’ என்று ஆவலோடு அடுத்த வரியைப் பார்த்தேன். அவர்களும் ஒன்பது நிமிஷம் குறைத்துக்கொண்டு 88இல் வந்து நின்றிருந்தார்கள். இந்தச் செய்தியை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் ஆழ்ந்து யோசித்துவிட்டு, “அந்த எண்பத்தெட்டு நிமிஷம் செய்யறவன் எவன்?” என்று கேட்டார்.

என் கணவர் நல்லவர். எந்த விஷயத்திலும் அவருக்குத் திடமான கொள்கை உண்டு. பெண்களின் சகல மனக்கிலேசங்களுக்கும் காரணம் அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதே என்பது அக்கொள்கைகளுள் ஒன்று. டீக்கடை பெஞ்சில் அமர்ந்து அமெரிக்க ஜனாதிபதியின் குறைபாடுகளைக் காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை ஆராய்வது அவர் அகராதியில் பேச்சு ஆகாது. அது உலக நடப்பு. எதிர்வீட்டு அக்காவும் நானும் வாசற்படியில் நின்று அவள் மருமகளின் தலைசுற்றலைப் பற்றிப் பத்து வார்த்தை பரிமாறிக்கொண்டால், அது வம்பு.

தெருக்குழாய் இருந்த காலத்தில் இந்த வம்புக்கு ஒரு ஸ்தாபன ரூபம் இருந்தது. காவிரித் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்பது ஒருவருக்கும் நிச்சயமில்லாததால், குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் காத்திருக்க வேண்டியிருந்தது; அக்காத்திருத்தலில் ஊருடைய அந்தரங்கம் முழுவதும் ஈரக் கற்களின்மேல் விரிக்கப்பட்டது. யாருக்கு மாதம் தள்ளிப் போயிற்று, யார் வீட்டில் நேற்றிரவு கை நீண்டது, எந்தப் பெண் மூன்று நாளாக வாசலுக்கு வரவில்லை என்பனவெல்லாம் அங்கே தெரிந்துவிடும். மூன்று நாள் வராதவளின் குடத்தை யாராவது ஒருத்தி நிரப்பித் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டுவாள். தட்டுவதன் உத்தேசம் பாதி அனுதாபம், பாதி விஷயம் தெரிந்துகொள்ளும் ஆசை. ஆனாலும் கதவு திறந்துவிடும். சண்டைகளும் அங்கே ஏராளமாக நடந்தன. குடம் நகர்த்தப்பட்டது பற்றித் தொடங்கிய ஒரு வாக்குவாதம் இரண்டு குடும்பங்களின் மூன்று தலைமுறைக் குற்றங்களையும் தொட்டு முடிந்ததை நானே கேட்டிருக்கிறேன். அன்று மாலை இருவர் முகத்திலும் இருந்த தெளிவை எந்த லேகியமும் கொடுத்திராது.

இப்போது குழாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. அது வந்ததை நான் குறை கூறவில்லை. இடுப்பில் குடம் சுமந்தவள் எவளும் கூறமாட்டாள். இடுப்புக்கு விடுதலை கிடைத்த அதே நாளில் வாய்க்கும் பூட்டு விழுந்தது என்பதை மட்டும் குடிநீர்த் திட்டம் வகுத்த பொறியாளர்கள் கவனிக்கவில்லை. தறிப்பட்டறையில் பேசலாமே என்பீர்களானால், நீங்கள் விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள் நின்றதில்லை என்று அர்த்தம். அந்தப் பேரிரைச்சலில் எங்கள் பெண்கள் உதட்டசைவைக் கொண்டே ஓரளவு செய்தி பரிமாறுகிறார்கள். ஆனால் மாமியாரைப் பற்றிய நுட்பமான விஷயங்கள் உதட்டசைவுக்குள் அடங்குவதில்லை.

தெருக்குழாய்க்கும் முந்திய ஏற்பாடு ஒன்று உண்டு. அது அம்மன் சந்நிதி. மாசித் திருவிழாவில் பம்பையும் உடுக்கையும் முழங்க, கூட்டத்தின் நடுவே ஒருத்திக்குச் சாமி வருகிறது. நேற்றுவரை மாமனார் உட்கார்ந்திருக்கும் திண்ணைப் பக்கம் தலைகாட்டாதவள், காபித் தம்ளரைக் கதவோரம் வைத்துவிட்டு மறைகிறவள், தலைமுடி அவிழ, கண் சிவக்க அவர் எதிரில் வந்து நின்று, “டேய்! எனக்குச் செய்யறதெல்லாம் சரியாச் செஞ்சியாடா?” என்கிறாள். மாமனார் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “தப்புதான் தாயே” என்று கும்பிடுகிறார். தாயானவள், தனக்கு வரவேண்டிய சேலையையும் பொங்கலையும் கேட்டு முடித்தபின், ‘இந்தப் பொண்ணு வவுத்து வலியோட கெடக்கறா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலையே’ என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்கிறாள். மறுவாரம் அந்தப் பெண் ஓமலூர் டாக்டரிடம் அழைத்துப் போகப்படுகிறாள். பக்தியை நான் குறைத்துப் பேசுவதாக ஒருவரும் எண்ண வேண்டாம். அம்மன் வருகிறாள் என்பதில் எனக்கு லவலேசமும் ஐயமில்லை. யாரிடம் வரவேண்டும் என்று அவளுக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருப்பதுதான் என் ஆச்சரியம். ஐ.எம். லூயிஸ் என்ற மானிடவியல் பேராசிரியர், ஆப்பிரிக்க தேசங்களில் ஆவேசம் கொள்வோரை ஆராய்ந்து, வேறு வழியில் குறை சொல்லக் கதியற்றவர்களுக்கு, விசேஷமாகப் பெண்களுக்கு, அது ஒரு நாவாக அமைகிறது என்று 1971இல் ஒரு புத்தகம் எழுதினார். எங்கள் ஊர்ப் பம்பைக்காரரிடம் கேட்டிருந்தால் இரண்டு வரியில் சொல்லியிருப்பார்.

வைத்தியர்களும் கோயிலை அலட்சியம் செய்துவிடவில்லை. பெங்களூரு மனநல நிலையத்தின் டாக்டர் ரகுராமும் சகாக்களும் நம் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய கடுமையான மனநோயாளிகள் 31 பேரைக் கவனித்து, அங்கே தங்கியிருந்த காலத்தில் அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் தணிந்ததை 2002இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ பத்திரிகையில் எழுதினார்கள். அங்கே மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. அதட்டாத மனிதர்கள் இருந்தார்கள். அதட்டுகிறவர்களும் சங்கிலியும் இருந்தால் என்ன ஆகும் என்பதை அதற்கு முந்திய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி மனநோயாளிகள் விடுதியில் கட்டப்பட்ட நிலையிலேயே தீயில் மாண்டவர்களைக் கொண்டு நாடு தெரிந்துகொண்டது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கோயில் வைத்தியம் என்று ஒரே பெயரிட்டுப் புகழ்கிறவர்களிடமும் இகழ்கிறவர்களிடமும் எனக்குச் சம்மதமில்லை.

முன்பு ஆப்பிரிக்காவைச் சொன்னேன்; அங்கிருந்து இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஜிம்பாப்வே தேசத்தில் டிக்ஸன் சிபாண்டா என்று ஒரு மனநல மருத்துவர். அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி 2005இல் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு மறுபடி வரவேண்டுமென்று இருந்தும் அவள் வராமற் போனதற்குக் காரணம் பஸ் கட்டணத்துக்குப் பணம் இல்லாமைதான் என்று அவள் தாயார் சொல்லக் கேட்ட அம்மருத்துவர், நோயாளி வர முடியாவிட்டால் வைத்தியம் போகட்டும் என்று, 2006இல் ஹராரே நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் பதினான்கு பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்து வெளியில் மரபெஞ்சு போட்டு உட்கார வைத்தார். துக்கமுள்ளவர்கள் வந்து பாட்டியிடம் பேசினார்கள், அவ்வளவுதான் வைத்தியம். பத்தாண்டு கழித்து 573 பேரை வைத்து முறைப்படி சோதித்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஆறு மாதத்துக்குப் பின்னும் நூற்றுக்கு 50 பேர் மனச்சோர்வோடு இருக்க, பாட்டியிடம் பேசியவர்களில் 14 பேருக்கே அது மிஞ்சியிருந்ததாம். இதையும் என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். “அங்க பாட்டிங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்திருக்காங்க இல்ல?” என்றார். இங்கே பயிற்சி ஐந்து வயதிலேயே முடிந்துவிடுகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை.

பஸ் கட்டண விஷயத்தில் நம் பாட்டிமார் பாக்கியசாலிகள். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. மறு ஆண்டு அவ்வண்டிகளுக்கு முகத்தில் ரோஸ் வர்ணமும் பூசினார்கள். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கண்டது. மிச்சமான ரூபாயை எண்ணிவிட்டார்கள். என் நாத்தனாரை எண்ணவில்லை. கணவனை இழந்து, பிள்ளைகள் வெளியூர் போய், வெறும் வீட்டில் சுவர்க்கடிகாரத்தோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த அவள், மழைக்காலம் வந்தால் இப்போது காலையிலேயே தலைவாரிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்று, “அண்ணி, டேம்ல எத்தனை அடி தண்ணின்னு பாத்துட்டு வந்திடறேன்” என்கிறாள். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அன்றன்றைய நீர்மட்டத்தைத் தொலைக்காட்சி காலையும் மாலையும் வாசிக்கிறது. ஆயினும் தஞ்சாவூர்ப் பாசனத்தின் முழுப் பொறுப்பும் தன் தோளில் இருப்பதுபோல அவள் நேரில் போய்ப் பார்வையிடுகிறாள். அணைக்கட்டு முனியப்பனுக்கு ஒரு கும்பிடு, கரையோரம் வறுத்த மீன் இரண்டு துண்டு, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியின் குடும்ப சரித்திரம் ஆதியோடந்தமாக. திரும்பி வரும்போது அவளுக்கு முழங்கால் வலி இருப்பதில்லை. பஸ் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபின்தான் அது ஞாபகம் வருகிறது. “வேலை இல்லாம எதுக்கு இந்த அலைச்சல்?” என்று அவள் தமையனாராகிய என் கணவர் கேட்கிறார்; அணைக்குத் தண்ணீர் பார்க்கப் போவதைக் காட்டிலும் டீக்கடைக்கு வெள்ளை மாளிகையைப் பார்க்கப் போவதில் எந்த வேலை அடங்கியிருக்கிறது என்று அவளும் நானும் சேர்ந்தே கேட்டுவிட்டோம்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டத்தின்படி, இரத்த அழுத்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் வருகிறாள். அந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. கருவி கையைப் பிடித்திருக்கும் அரை நிமிஷம் பேசக்கூடாது என்பது விதி. எங்கள் தெருவில் அந்த விதி ஒரு நாளும் நிறைவேறியதில்லை. “அக்கா, பேசாதீங்க, ஏறிடும்” என்று அவள் கெஞ்ச, “பேசலன்னாத்தான் கண்ணு ஏறுது” என்று பதில் வருகிறது. அந்தப் பெண்ணின் குறிப்பேட்டில் இரண்டு எண்கள் எழுத இடம் இருக்கிறது. அவள் செவியில் விழுவதை எழுத இடம் இல்லை. மகளிர் குழுவின் தீர்மானப் புத்தகமும் அவ்வாறே. 1989இல் பக்கத்துத் தருமபுரியில் முளைத்து எங்கள் ஜில்லாவுக்கும் வந்த அந்தக் குழுக்களில், சேமிப்பும் லோனும்தான் தீர்மானமாக ஏறும். கூட்டம் உண்மையில் எதற்காகக் கூடிற்றோ அது ஏறாது. அதுவே உத்தமம் என்பது என் கட்சி.

பேச ஆளில்லாத வீடுகளும், வாசலுக்கு வராத பெண்களும் இப்போது எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கும், வம்பினால் ஆறாத அளவுக்குப் பெரிய துக்கம் கொண்டவர்களுக்கும், 2022 அக்டோபர் 10 முதல் ‘டெலி மனஸ்’ என்ற தொலைபேசிச் சேவை இருக்கிறது, எண் 14416, கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். மாமியாரைப் பற்றியும் சொல்லலாம், மாமியார்களும் சொல்லலாம். வீட்டில் ஆள் இருக்கும்போது கூப்பிடுவதானால், டீவியைச் சற்று உரக்க வைத்துக்கொள்ளுங்கள்.