டயரின் ஓரவஞ்சனை

என் காரின் முன் டயர் இரண்டும் உள் ஓரத்தில் மட்டும் வழுக்கை. வெளிப்பக்கம் புதுசு போல இருக்கிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?
*- திண்டுக்கல் வாசகர்*

வஞ்சனை டயருடையது அல்ல, கோணத்துடையது. சக்கரங்கள் முன்பக்கம் விரிந்து வாத்துநடை போட்டால் உள் ஓரம்தான் தேயும். வண்டியை நிறுத்திவிட்டு, டயரின் குறுக்கே உள்ளங்கையால் இப்படியும் அப்படியும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பப்பல் போல இடறுகிறதா? சக்கரங்களின் இந்த விரிவுக்கோணம் (டோ) தவறியிருக்கிறது. கம்பி வெளியே தெரிந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த டயரில் ஊர் போகவும் வேண்டாம்.

போன மாதம்தான் அலைன்மென்ட் பார்த்தேன். மறுபடி இடதுபக்கம் இழுக்கிறதே?
*- தென்காசி வாசகி*

பார்த்தவர் புஷ்ஷைப் பார்த்தாரா? லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் என்னும் சக்கர இணைப்புகளில் ஒன்று ஆடினாலும், இன்று வைத்த கோணம் அடுத்த பள்ளத்தோடு சரி. ஆடுகிற தூணுக்குத் தூக்குக்குண்டு பிடித்து என்ன பயன்? அதற்கும் முன்னால் காற்றைப் பாருங்கள். குறைந்த பக்கம் வண்டி இழுக்கும்.

முன் டயரைப் பின்னால் மாற்றிவிட்டால் போதாதா?
*- ஆரணி வாசகர்*

டயர் பின்னால் போகும், கோணல் முன்னாலேயே இருக்குமே! டயரின் வரிப்பள்ளத்துக்குள் சிறு மேடு ஒன்று உண்டு, 1.6 மி.மீ. உயரம். உள் ஓரம் அதற்குச் சமமாகிவிட்டால் முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். மழை ரோட்டில் தண்ணீரை வெளியே தள்ள அங்கே போதிய வழி இருக்காது.