நம்ம பூனை இல்லீங்க

தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஓய்வுபெற்றவர், முண்டா பனியன், வீட்டில் யாரும் மீன் தொடாவிட்டாலும் காலையில் ஒரு கூறு நெத்திலி வாங்குபவர். யாருக்கு சார் என்று கேட்டால், "ஒரு பூனை வரும் போகும். நம்ம பூனை இல்லீங்க" என்பார். அந்த வரும் போகும் ஜீவனுக்கு ராஜாத்தி என்று பெயர், ஃபேனுக்கு நேர்கீழே தனி நாற்காலி. அதில் தெரியாமல் உட்கார்ந்த மருமகன்கள் எழுப்பப்பட்டிருக்கிறார்கள்.

பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சுற்று தொடங்கவும் கூடும். எங்கள் தெருக்காரருக்கு இது தெரியவந்தது, பீரோவின் கீழ்த்தட்டில், கல்யாணப் பட்டுப்புடவை மேல் ராஜாத்தி குட்டி போட்ட அன்று. "ஒண்ணு ஆபரேஷன், இல்லேன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்கு" என்றார் வீட்டுக்காரம்மா.

தனியார் கிளினிக்கில் சொன்ன தொகையைக் கேட்டதும், "என் ஹெர்னியாவுக்கே இவ்வளவு ஆகலையே!" என்று வெளியே வந்துவிட்டார். சென்னையில் கால்நடைக் கல்லூரி 1903-லேயே வந்துவிட்டது, புளூ கிராஸ் 1959-லிருந்து இருக்கிறது, இத்தனை இருக்கும் ஊரில் பூனைக்காக எவனாவது கடன் வாங்குவானா என்று வரலாற்று ஆதாரத்தோடு வாதிட்டார். விசாரித்து விசாரித்துக் குறைந்த கட்டணத்தில் செய்யும் ஒரு தொண்டு மையத்தைப் பிடித்தார். ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

போன முதல் நாளே திருப்பி அனுப்பினார்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், அதனால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். விடிகாலையில் ராஜாத்தி ஒரு பார்வை பார்த்திருக்கிறாள். இவர் 'ஒரே ஒரு' நெத்திலி போட்டிருக்கிறார்.

மறுமுறை கவுன்டரில் கேட்டார்கள்: "வீட்டுப் பூனையா, தெருப்பூனையா? தெருப்பூனைன்னா இலவசம்."

இவர் முகம் மலர்ந்தது. இத்தனை காலம் சொல்லிவந்ததற்கு இப்போதுதான் பலன் வந்திருக்கிறது.

"ஆனா சார், தெருப்பூனைன்னா காது நுனியைக் கொஞ்சம் வெட்டிடுவோம். இல்லேன்னா ஆபரேஷன் ஆனது தெரியாம இன்னொருத்தர் பிடிச்சுக்கிட்டு வந்துடுவாங்க. மயக்கத்துலதான், வலிக்காது."

வொயர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு காதும் விறைத்து நின்றன.

"எழுதுங்க. வீட்டுப் பூனை. பேரு ராஜாத்தி. இனிஷியல் வேணுமா?"

தையலை நக்கிவிடாமல் காவல் இருந்து அவர் பட்ட பாடு தனிக் கதை. கட்டிய காலரைக் கழற்றிப் போட்டவள் அவள். கழற்றியதை மன்னித்தவர் இவர்.

இப்போது ஆபரேஷன் பிரசாரகர் ஆகிவிட்டார். நடைப்பயிற்சியில் எதிர்ப்படுகிறவரை எல்லாம் நிறுத்தி ஒன்பது வாரக் கணக்கைச் சொல்கிறார். நேற்று எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உங்க கடுவனையும் கூட்டிக்கிட்டுப் போயிடலாம் சார். ஆம்பளைக்கு இன்னும் சுலபம். வயித்தைத் திறக்கவே வேணாம், ஒரு சின்ன கீறல், சில நிமிஷ வேலை" என்று கையால் காட்டி விளக்கினார்.

எதிர்வீட்டுக்காரர் படித்துக்கொண்டிருந்த தினத்தந்தியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "அது நம்ம பூனை இல்லீங்களே" என்றார்.