மேசைக்கு மேலே ரயில், கீழே ரகளை

இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் ஆராய்ச்சிக்கு அவசரமாக இடம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாகத்தில் 1943-ல் மரத்தை அடித்து, மூன்று மாடிக்கு ஒரு கொட்டகை போட்டார்கள். அங்கே கட்டடங்களுக்கு எண்தான் பெயர், இதற்கு இருபது. போர் முடிந்த ஆறே மாதத்தில் இடித்துவிடுவோம் என்று சத்தியம் செய்துதான் தீத்தடுப்பு விதிகளிலிருந்து விலக்கு வாங்கினார்கள். இடித்தது 1998-ல். தற்காலிக ஏற்பாடுகளுக்கு எல்லா ஊரிலும் ஆயுசு கெட்டி.

அந்தக் கொட்டகையின் பெரிய வசதி, அதை யாரும் மதிக்காததுதான். சுவரில் ஓட்டை போட வேண்டுமா, போட்டுக்கொள். ஜெரால்ட் ஸக்கரியாஸ் என்ற இயற்பியல் பேராசிரியர் அணுக் கடிகாரம் செய்கிறேன் பேர்வழி என்று இரண்டு மாடித் தளங்களையே பெயர்த்தெடுத்தார். ஏனய்யா என்று கேட்க நாதியில்லை. இப்படிப்பட்ட இடத்தில் டெக் மாடல் ரெயில்ரோடு கிளப் என்று ஒன்று வந்து குடியேறியபோது நிர்வாகம் நிமிர்ந்து பார்த்திருக்குமா என்பதே சந்தேகம். 1946-47 கல்வியாண்டில், பொம்மை ரயில் விடுவதற்கென்றே எதிர்கால எஞ்சினீயர்கள் ஆரம்பித்த சங்கம் அது.

சங்கத்தில் இரண்டு கட்சி. மேசைக்கு மேல் கட்சி பரம சாது. நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் பெட்டி செய்வார்கள், குட்டி மலைக்குப் பச்சை பூசுவார்கள், எந்தக் கம்பெனி எஞ்சின் எந்த வருஷம் என்ன நிறத்தில் ஓடியது என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். மேசைக்குக் கீழ் கட்சிக்கு 'சிக்னல் மற்றும் மின்சாரத் துணைக் கமிட்டி' என்று கௌரவமான பெயர் இருந்தது. நடத்தையில் அந்தக் கௌரவம் கிடையாது. இவர்களுக்கு மலையும் மரமும் பொருட்டில்லை. உண்மையைச் சொன்னால் ரயிலே பொருட்டில்லை. சொன்னபடி கேட்கிற ஏதோ ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அந்த வயதில் வேறு யாரும் அவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை.

பிரச்சினை என்னவோ நிஜமாகவே சுவாரசியமானது. ஒரே மேசையில் பல ரயில்கள், பல டிரைவர்கள். மின்சாரம் வருவது தண்டவாளம் வழியாக. ஒருவன் கைப்பிடியைத் திருகினால் எல்லா ரயிலும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு ஓடும். ஆகவே தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு இப்போது யார் கையில் என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். யாரோ ஒருவரை எங்கோ இருக்கும் இன்னொருவரோடு இணைத்து, வேலை முடிந்ததும் பிரித்துவிடும் இந்தத் திருப்பணியை உலகம் முழுக்க ஏற்கெனவே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் செய்துகொண்டிருந்தன. பையன்களின் அதிர்ஷ்டம், சங்கத்துக்கு ஆலோசகராக இருந்த பேராசிரியரே வளாகத்தின் டெலிபோன்களுக்கும் பொறுப்பாளர். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி கல்லூரிகளுக்குத் தானம் செய்த ரிலேக்களும் (மின்சாரமே தட்டிவிடும் ஸ்விட்சுகள்) மற்ற ஸ்விட்சுகளும் இந்த மேசைக்கடியில் வந்து இறங்கின.

விளைவு, டிரைவர்களின் கையில் டெலிபோன் டயல். எண்ணைச் சுழற்றினால் கீழே இருட்டில் ரிலேக்கள் கடகடவென்று கலந்தாலோசித்து, கேட்ட துண்டுத் தண்டவாளத்தை அவன் வசம் ஒப்படைக்கும். 1962 வாக்கில் சுமார் 1,200 ரிலேக்கள். போதாதென்று, ஆளே தொடாமல் ரயிலை முழுத் தடத்திலும் இரண்டு திசையிலும் ஓட்டிக் காட்டவும் ஓர் இயந்திரம் செய்தார்கள். ரயில் வருவதற்கு முன்பே தடத்தை மாற்றி, மின்சாரத்தை விட்டு வழிகாட்டும் அது. அறை முழுக்க அங்கங்கே அபாய ஸ்விட்சுகள் வேறு. ஒரு ரயில் எதன் மீதோ மோதப் பாய்கிறது என்றால் அருகில் இருப்பவர் ஒன்றைத் தட்ட வேண்டும். எல்லாம் அப்படியே நின்றுவிடும். கட்டுப்பாட்டுப் பலகையில் ரிலேக்களாலேயே செய்த டிஜிட்டல் கடிகாரம் ஒன்று உண்டு. அபாய ஸ்விட்சைத் தட்டியதும் அது மணி காட்டுவதை நிறுத்திவிட்டு, 'ஃபூ' என்று காட்டும். விபத்தைத் தவிர்த்த நல்லவனுக்கு அதுதான் பாராட்டுப் பத்திரம்.

மேசைக்கடியில் 40 மணி நேரம் உழைத்தவனுக்கு அறைச் சாவி கிடைக்கும். சாவி கிடைத்தவன் அதன்பின் வகுப்பில் கிடைக்கமாட்டான். டயோடோ ரிலேயோ தீர்ந்துபோனால் 'நள்ளிரவுக் கொள்முதல் கமிட்டி' கூடும். கூடும் என்றால், இருட்டியதும் சில பேர் பக்கத்து ஆய்வுக்கூடங்களின் பக்கம் காலாற நடந்துவிட்டு, கனத்த பையோடு திரும்புவார்கள். மற்ற விஷயங்களில் அரிச்சந்திரன்கள். இதைத் திருட்டு என்று சொன்னால் மட்டும் புரியாது.

மூளை முழுக்க ரிலே ஆகிவிட்டதற்கு, இவர்களைப் பற்றியும் பேசும் 'ஹேக்கர்ஸ்' புத்தகத்தில் பத்திரிகையாளர் ஸ்டீவன் லெவி ஒரு சம்பவம் சொல்கிறார். சங்கத்தின் பாப் சாண்டர்ஸுக்குக் கல்யாணமாகிவிட்டது. சனிக்கிழமை மளிகைச் சாமானோடு காரில் வந்து இறங்கும் மனைவி, இதையெல்லாம் உள்ளே கொண்டுவர உங்களுக்கு விருப்பமா என்று கேட்பார். இவர் இல்லை என்பார். அந்த அம்மாள் தனியாகவே தூக்கிச் சுமப்பார். சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வெடித்தார். சாண்டர்ஸுக்கு ஆச்சரியம். மூட்டை தூக்க யாருக்காவது விருப்பம் இருக்குமா? தூக்குவீர்களா என்று கேட்டிருந்தால் அது வேறு கேள்வியாயிற்றே! இவர் எப்படி உயிரோடு தப்பினார் என்று புத்தகத்தில் இல்லை.

இப்படிப்பட்ட பையன்கள் கம்ப்யூட்டரைக் கண்டால் விடுவார்களா? எம்.ஐ.டி.யில் ஐபிஎம் 704 இருந்தது. ஆனால் அது மூலஸ்தானத்தில் இருந்தது. பக்தர்கள் துளை போட்ட அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்ட வேண்டும். அர்ச்சகர் உள்ளே கொண்டுபோவார். பிரசாதம் மறுநாள் வரும், பெரும்பாலும் ஒரு பிழைச் செய்தியாக. மேசைக்கடியில் படுத்தே பழகியவர்களுக்கு இந்த மடி ஆசாரம் ஒத்துவரவில்லை. 1958-ல் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுக்கூடம் தனக்கு வேண்டாமென்று டிஎக்ஸ்-0 என்ற டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டரை வளாகத்துக்கு அனுப்பியது. சங்கத்தின் பழைய உறுப்பினர் ஜாக் டென்னிஸ் பையன்களைக் கூட்டிப்போய் அதன் முன்னால் உட்காரவைத்தார். தொட்டுப் பார்க்கலாம், தப்பு செய்யலாம், உடனே திருத்தலாம். பகலில் பெரியவர்கள் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். பதிவு செய்த எவனாவது தூங்கிப்போய்விட மாட்டானா என்று இவர்கள் விடிகாலை மூன்று மணிக்கு வாசலில் காத்துக்கிடந்தார்கள்.

காத்துக்கிடந்து செய்த காரியங்களைப் பார்க்க வேண்டுமே. சங்கத்தின் பீட்டர் சாம்சன், சாதாரண எண்ணைக் கொடுத்தால் ரோமன் எண்ணாக மாற்றித் தரும் புரோகிராம் எழுதினார். டென்னிஸ் அதன் லாகவத்தை ரசித்துவிட்டு, இதை எந்தப் புண்ணியவான் கேட்டான் என்கிற தினுசில் வியந்தாராம். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாம்சன் எழுதியிருக்கமாட்டார்.

1961-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி 1,20,000 டாலர் விலையுள்ள பிடிபி-1 கம்ப்யூட்டரைத் தானமாகக் கொடுத்தது. அதில் என்ன செய்வது? விண்வெளிச் சண்டை விளையாட்டு என்று முடிவாயிற்று. எழுத வேண்டியவர் ஸ்டீவ் ரஸ்ஸல். அவர் சைன், கொசைன் கணக்கிடும் நிரல் இல்லையே என்று நாளைக் கடத்தினார். சங்கத்தின் ஆலன் கோடோக் மேனார்டில் இருந்த அந்தக் கம்பெனிக்கே போய், அந்த நிரல் பதிந்த காகித நாடாவை வாங்கிவந்து அவர் முன் வைத்து, இனி என்ன சாக்கு என்றார். 1962-ல் 'ஸ்பேஸ்வார்' பிறந்தது. கம்ப்யூட்டரின் சொந்த ஸ்விட்சுகளைத் தட்டித் தட்டி முழங்கை வலித்ததால், கோடோக்கும் சாண்டர்ஸும் ரயில் சங்க அறைக்குப் போய், கிடைத்த உதிரிகளை வைத்து ஆளுக்கொரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்தார்கள். குண்டு போடும் பட்டன் மட்டும் சத்தமே போடக் கூடாது. சத்தம் கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவானே. கோடிகளில் புரளும் இன்றைய வீடியோ கேம் தொழிலின் மூதாதைகளில் ஒன்று, பொம்மை ரயில் பெட்டகத்திலிருந்து கிளம்பிய மிச்சம் மீதிதான்.

ரயிலை அடியோடு மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. நியூயார்க் சுரங்க ரயில் தடங்கள் அனைத்தையும் ஒரே டிக்கெட்டில், மிகக் குறைந்த நேரத்தில் சுற்றி வருவது என்று ஒரு வேலையற்ற வேலை உண்டு. 1967-ல் சாம்சன் எம்.ஐ.டி.யின் பிடிபி-6 கம்ப்யூட்டரை அதற்கு வழி கணக்கிட வைத்தார். அத்தனை சாமர்த்தியத்துக்கும் பிறகு இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நிஜ ரயிலுக்கு டயல் சுழற்றினால் கேட்காது.

கொட்டகையை இடித்த இடத்தில் ஃபிராங்க் கெஹ்ரி வடிவமைத்த ஸ்டாடா சென்டர் 2004-ல் எழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று 2007-ல் எம்.ஐ.டி. அவர் மீதே வழக்குப் போட்டது. சங்கம் வேறு கட்டடத்துக்கு மாறி, மறுபடி மேசை போட்டுக்கொண்டது. வளாகத்தின் உயரமான கிரீன் பில்டிங்கும் அந்த மேசையில் குட்டியாக நிற்கிறது. அதன் ஜன்னல்களுக்குள் விளக்கு வைத்து டெட்ரிஸ் விளையாட வழி செய்துவிட்டார்கள். பிறகு 2012 ஏப்ரலில் நிஜக் கிரீன் பில்டிங்கின் ஜன்னல்களிலேயே மாணவர்கள் டெட்ரிஸ் ஓட்டினார்கள். யார் செய்தது என்று நிர்வாகம் ரொம்பத் துருவவில்லை. துருவினால், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விளக்குகளை எந்தக் கமிட்டி கொள்முதல் செய்தது என்ற கேள்வியும் சேர்ந்து வந்திருக்கும்.