ஒரு வினைத்தொகை கடல் கடந்த வரலாறு

ஆங்கில அகராதிகளில் ‘கேட்டமரான்’ என்றொரு பழைய சொல் உண்டு. அது நம்முடைய கட்டுமரமே என்பதில் அகராதிக்காரர்களுக்குள் வழக்கு இல்லை. வழக்கு இல்லாத இடத்தில் ஆய்வுக்கு என்ன வேலை என்று அறிஞர்கள் கேட்பர். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை மணலில் நடந்தறியாதவர் கேட்கும் கேள்வி அது என்க.

முதற்கண் இலக்கணம். கட்டுமரம் வினைத்தொகை, கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்துக்கும் விரியும். ஊறுகாயும் அப்படித்தான் விரியும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஊறிய காயை மறுநாள் ஊறாத காயாக்க எவராலும் ஆகாது. கட்டுமரம் புத்தகத்தில் மட்டுமன்றிக் கடற்கரையிலும் வினைத்தொகை. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போடுவார்கள். போடாவிட்டால் நீர் குடித்துக் கனத்துவிடும். அடுத்த முறை கடலுக்குப் போகுமுன் மறுபடி கட்டுவார்கள். நேற்றுக் கட்டியதும் இன்று கட்டுவதும் நாளை கட்டப்போவதும் அதே மூன்று நான்கு மரங்கள். நன்னூல் செய்த பவணந்தியார் இந்தக் கடற்கரைக் குப்பங்களில் ஒன்றில் பிறந்திருந்தால் வேறு எடுத்துக்காட்டே தேடியிருக்க மாட்டார்.

இச்சொல் ஆங்கிலேயர் கையில் அகப்பட்டது. செங்கல்பட்டைச் ‘சிங்கிள்புட்’ ஆக்கி, கோவளத்தைக் ‘கவ்லாங்’ ஆக்கி, சதுரங்கப்பட்டினத்தைச் ‘சட்ராஸ்’ என்று கத்தரித்து, மாமல்லபுரத்துக்கு ‘ஏழு பகோடா’ என்று பெயரிட்ட கை அது. அந்தக் கணக்கில் பார்த்தால் கட்டுமரம் சொற்பக் காயங்களோடு தப்பியது எனலாம். வாலில் ஈற்று மகரம் னகரமாயிற்று, அவ்வளவே. அதையும் பிழை என்று சொல்ல யாம் ஒருப்படோம். அறம் அறன் ஆவதும், நிலம் நிலன் ஆவதும், மரம் மரன் ஆவதும் கடைப்போலி. ஆகவே கேட்டமரானின் வால் இலக்கணச் சுத்தமானது. தலை மட்டுமே வெள்ளைக்காரத் தலை.

1673 வாக்கில் இக்கடற்கரைக்கு வந்த மருத்துவர் ஜான் ஃபிரையர் கட்டுமரத்தைக் கண்டு எழுதினார். 1697இல் வெளியான தம் பயண நூலில் வில்லியம் டேம்பியரும் எழுதினார். இருவருக்கும் அது மரந்தான். சென்னையில் துறைமுகம் இல்லாத நாளில், அலைக்கு அப்பால் நின்ற கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். உடம்பு நனைந்தாலும் கடிதம் நனையாதபடி கூம்புத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார்கள். அதுவரை பொருளுக்குப் பங்கமில்லை.

பங்கம் சீமையில் நேர்ந்தது. 1804 அக்டோபரில் பூலோன் துறையில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க, ராபர்ட் ஃபுல்டன் வகுத்துக் கொடுத்த வெடிமருந்துப் பெட்டிகளை ஆங்கிலக் கடற்படை மிதக்கவிட்டது. உள்ளே கடிகாரப் பொறி, வெளியே பெயர் கேட்டமரான். சத்தம் வந்த அளவுக்குச் சேதம் வரவில்லை.

அடுத்து 1811இல் அச்சான கொச்சைச் சொல் அகராதி ஒன்று, கேட்டமரானுக்கு எலும்பும் தோலுமான கிழவி என்று பொருள் எழுதியது. கப்பல் உடைந்தால் ஆட்களைக் காப்பாற்ற அவசரமாய்க் கழிகளைப் பிணைத்துச் செய்யும் மிதவையிலிருந்து இந்தப் பொருள் வந்ததாம். பின்னாளில் அது சண்டைக்காரப் பெண்ணையும் குறித்தது. ‘கேட்’ என்ற ஒலியில் பூனை ஒளிந்திருப்பதே காரணம் என்பர் சிலர். எமக்குப் பூனையில் நம்பிக்கையில்லை. மூழ்குகிறவனைக் கரை சேர்ப்பது மிதவை. ஒரு கிழவியை அதன் பெயரால் திட்டியவன், தெரியாமல் அவளை வாழ்த்திவிட்டான் என்பதே எம் துணிபு.

இன்றைய பொருள் இரட்டை உடல் படகு. 1876இல் அமெரிக்காவின் நத்தானியல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டைப் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி, மற்றவற்றை வெகுதூரம் பின்னே விட்டார். பரிசுக்குப் பதிலாகத் தகுதி நீக்கம் கிடைத்தது. இரட்டைப் படகு பாலினேசியர் கண்டது, பெயரோ நம்முடையது. பிள்ளை ஒரு வீடு, பெயர் ஒரு வீடு.

தேவநேரி மீனவப் பெரியவர் ஒருவரிடம் அந்த இரட்டைப் படகின் படத்தைக் காட்டி இதுவும் கட்டுமரமாம் என்றோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல கட்டு எங்க சார் இருக்குது?” என்றார். ஆய்வுலகம் இதுவரை எழுப்பாத வினா.

அவருக்கு நாம் மட்டும் விடை வைத்திருக்கிறோமா? 2004 சுனாமிக்குப் பிறகு இக்கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றில் ஒரு வகைக்கு ‘ஃபைபர் கட்டுமரம்’ என்றே பெயர். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. ஆங்கிலேயன் ஒரு பாதியைத்தான் தொலைத்தான்.

இனி வாசகருக்கு ஒரு விண்ணப்பம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தி மணலில் இறங்கும்போது, பிளந்து செதுக்கிய நீள மரங்கள் தனித்தனியே கிடக்கக் கண்டால், விறகென்று எண்ணி மேலே உட்கார்ந்து செல்ஃபி எடுக்காதீர்கள். அது ஒருவருடைய படகு, காய்ந்துகொண்டிருக்கிறது.